நாலாம் நம்பர் காற்று

கார் ஏசியில் கோளாறு என்று ஊர்க்காவலனிடம் வண்டியைக் கொண்டுபோனால் அவர் உடனே பானெட்டைத் திறக்கமாட்டார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். காற்று வரும் துவாரத்தில் புறங்கையை வைத்திருப்பார். வண்டிக்காரர் பொறுக்காமல் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "செத்த பொறுங்க" என்பார். காற்றின் வேகம், குளிர், வாடை, டேஷ்போர்டுக்குள் ஓடும் மோட்டாரின் சத்தம் எல்லாவற்றையும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே கவனித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் கருவிப்பெட்டி.

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையில், ஒரு டயர் கடையை அடுத்து, தகரக் கூரை போட்ட இடம்தான் அவருடைய ஒர்க்‌ஷாப். பலகை எதுவும் கிடையாது. பெரும்பாலும் பழைய கார்கள்தான் வரும். புதுக் கார் வைத்திருப்பவர்கள் கம்பெனி சர்வீசுக்குப் போய்விடுவார்கள்.

பிறந்தது அச்சங்குளத்தில். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை வெட்டியவர்கள். மழை ஏமாற்ற ஏமாற்ற, அப்பா தீப்பெட்டி ஆலைக்கும் அம்மா பட்டாசு ஆலைக்கும் போனார்கள். அம்மா சாயங்காலம் வீடு திரும்பும்போது முழங்கை வரை வெள்ளிபோல மினுங்கும். அலுமினியப் பவுடர். எத்தனை தடவை தேய்த்தாலும் உள்ளங்கை ரேகைகளில் அது தங்கிவிடும். சோறு பிசைந்தால் சோற்றிலும் மினுங்கும். ஊர்க்காவலனும் பத்தாவது முடித்த கையோடு பட்டாசு ஆலைக்குத்தான் போனார். இரண்டாவது சீசனில் ஒரு மத்தியானம், அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, வரிசைக் கடைசியில் இருந்த அறை வெடித்தது. அன்றைக்கே அவர் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார். வேலைக்குப் போகும்போது ஆலை வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு அங்கேயே கிடந்தது. வெறுங்காலோடு போன ஊரில் கார் ஏசி வேலை கற்றுக்கொண்டு, பல வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தார். சின்னத்தாயைக் கட்டினார். மனைவி ஒரு அச்சகத்தில் காலண்டர் சேர்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். ஒரே மகன் ஓசூரில் இருக்கிறான்.

ஊர்க்காவலனுக்கு ஒரு தங்கை, ரோஜா. அப்பா இறந்த பிறகு அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தது இவர்தான். மாப்பிள்ளை பிரபாகரனுக்கு வெம்பக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், அதை விட்டுவிட்டுப் பழைய வெள்ளை டீசல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினான். கோயில், ஆஸ்பத்திரி, மதுரை ஏர்போர்ட் என்று சவாரி கிடைத்தது. கலகலப்பாகப் பேசுவான். யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாக நின்று பந்தி பரிமாறுவான். அவர்களுக்கு ஒரு மகள், மாரீஸ்வரி. நாலாம் வகுப்பு.

அந்தக் கார் ஆடி மாதம் முதல் தடவையாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது.

"மச்சான், காத்து நாலாம் நம்பர்ல மட்டும்தான் வருது. ஒண்ணு, ரெண்டு, மூணுல வச்சா செத்துக் கெடக்கு" என்றான் பிரபாகரன்.

இது பழைய கார்களில் சாதாரணமாக வருகிற கோளாறு. ஊர்க்காவலன் பேசிக்கொண்டே டேஷ்போர்டில் இருந்த கைப்பெட்டியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு சின்னத் தகட்டை உருவிக் காட்டினார். அதில் சுருள் சுருளாகக் கம்பி. நடுவில் அறுந்திருந்தது.

"இதான் ரெசிஸ்டர். கொறஞ்ச நம்பர்ல வச்சா கரண்ட் இந்தக் கம்பி வழியாப் போயி மோட்டார மெதுவா ஓட்டும். கம்பி சூடாகும். ஓடுற காத்தே அதத் தணிச்சிரும். நாலாம் நம்பர்ல கரண்ட் இந்தப் பக்கமே வராது, நேரா மோட்டாருக்குப் போயிரும். அதனாலதான் அதுமட்டும் ஓடுது."

புதுசு மாட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளையிடம் காசு வாங்குகிற வழக்கமில்லை.

ஆவணி பாதியில் கார் திரும்பவும் வந்தது. அதே கோளாறு. மாற்றிய ரெசிஸ்டர் கருகியிருந்தது. ஊர்க்காவலனுக்கு இது பிடிக்கவில்லை. நல்ல கம்பி இவ்வளவு சீக்கிரம் போகாது. மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுக்க வேண்டும், அல்லது கம்பியைத் தணிக்கிற காற்று எங்கோ அடைபட்டிருக்க வேண்டும். முன்சீட்டில் உட்கார்ந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். நாலாம் நம்பரிலும் காற்றுக்கு வலு இல்லை. வாடை வேறு ஏதோ மாதிரி இருந்தது. ஈரத் துணி வாடையும் எலி செத்த வாடையும் அவருக்குத் தெரியும். இது அவை இல்லை. தொண்டையில் உப்புக் கரித்தது.

"வண்டிய விட்டுட்டுப் போங்க மாப்ள. டேஷ்போர்ட எறக்கிப் பாக்கணும்."

"சவாரி இருக்கு மச்சான். இப்போதைக்கு ரெசிஸ்டர மட்டும் மாத்துங்க."

"நாளைக்காவது கொண்டாங்க."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். கொண்டுவரவில்லை.

அடுத்த தடவை அவன் வந்தபோது குடும்பத்தோடு வந்தான். பள்ளிக்கூடம் விட்ட நேரம். மாரீஸ்வரி சீருடையோடு ஓடிவந்து தாய்மாமனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் வைத்த தலைமுடியில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது.

"மாமா, ஏசி போட்டா ஜிகினா வருது."

"ஏட்டி, சும்மா கெட" என்று ரோஜா அவளை இழுத்துத் தலையைத் தட்டிவிட்டாள். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்க்காமல், "சாப்பிட்டீகளாண்ணே?" என்று கேட்டாள். பிற்பகல் நாலு மணிக்கு.

ஊர்க்காவலன் பிரபாகரனிடம் கையை நீட்டினார். சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்துக்கொண்டு, மூவரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றினார். பிறகு சீட்டுகளை எடுத்துவிட்டு டேஷ்போர்டை இறக்கினார். காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலை மூடியிருந்த பெட்டியைத் திறந்தார். காயிலின் தகடுகள் தெரியவில்லை. சாம்பல் வெள்ளையாக, ஈரம் பட்டுக் கெட்டியான ஒரு பூச்சு அதை மூடியிருந்தது. புளோயர் விசிறியின் ஒவ்வொரு இதழிலும் அதுதான். அம்மாவின் முழங்கையில் பார்த்த அதே மினுக்கம்.

காருக்குள் காற்று இரண்டு வழிகளில் போகும். ஒன்று, முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்றை எடுக்கும் வழி. இன்னொன்று, காருக்குள் இருக்கும் காற்றையே இடது பக்கக் கால்மாட்டிலிருந்து உறிஞ்சித் திரும்பவும் குளிர்விக்கும் வழி. வெளிவழியில் வேப்பிலைச் சருகும் ரோட்டுப் புழுதியும்தான் இருந்தன. கால்மாட்டு வழியில்தான் அந்தப் பவுடர் விரல் தடிமனுக்கு அப்பிக் கிடந்தது. அப்படியென்றால் அது ரோட்டிலிருந்து வரவில்லை. காருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

வெறும் அலுமினியமாகவும் இருக்கலாம், பெயின்ட் கடைக்குக்கூட வாங்கிப் போவார்கள் என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. அவர் காய்ந்த பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். வெயிலில் கிடந்த ஒரு கல்லின் மேல் வைத்தார். சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தியை ஒரு நீளக் கம்பியின் நுனியில் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

சத்தமே இல்லை. பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம், உச்சி வெயிலிலும் கண் கூசுகிற மாதிரி. கல்லில் கரிவட்டம் ஒன்று மிஞ்சியது.

"என்ன அண்ணாச்சி, வெல்டிங்கா?" என்று டயர் கடைக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"ஆமா" என்றார் ஊர்க்காவலன்.

அது கலந்து தயாரான வெடிமருந்து. பட்டாசுக் குழாய்க்குள் போக வேண்டியது. அதைத்தான் அந்த விசிறி இத்தனை நாளாகச் சிவந்த கம்பியின் மேல் ஊதிக்கொண்டிருந்தது. ரெசிஸ்டர் இரண்டு தடவை போனதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு தடவையும் வெடிக்காமல் அதோடு ஏன் நின்றது என்பது அவருக்கு விளங்கவில்லை.

பிரபாகரன் சாயங்காலம் வந்தான். கார் எலும்புக்கூடாக நின்றதைப் பார்த்துச் சிரித்தான். "என்ன மச்சான், பிரேதப் பரிசோதனையா?"

ஊர்க்காவலன் சிரிக்கவில்லை. "இந்த வண்டியில என்ன ஏத்துறீக மாப்ள?"

"ஆளுகதான். வேற என்ன?"

"மருந்து கெடக்கு உள்ள."

"பட்டாசுக் கம்பெனி ஆளுக ஏறுனா சட்டையில ஒட்டிட்டு வரும். நம்ம பக்கம் எந்த வண்டியில பவுடர் இல்ல, சொல்லுங்க?"

"சட்டையில ஒட்டுனது இம்புட்டு சேராது. மூட்டைய எங்க வச்சீகன்னு நானே சொல்றேன். இடது பக்கம், முன்சீட்டுக்குக் கீழ."

சொன்ன பிறகுதான் அந்த இடம் யாருடையது என்று அவருக்கே உறைத்தது. இடது முன்சீட்டில் ரோஜா உட்காருவாள். அவள் மடியில் மாரீஸ்வரி.

பிரபாகரன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சீசன் முடியிற வரைக்கும்தான் மச்சான். மொக்கைச்சாமி அண்ணாச்சி லோடு. விஸ்வநத்தம் பக்கம் ஒரு எடத்துல எடுத்து, நம்ம பக்கம் வீடுகள்ல வச்சு வெடி உருட்டுறவுககிட்ட குடுக்கணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொண்டு போறேன்."

மொக்கைச்சாமி யாரென்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரில் ஆலை கிடையாது, லைசென்ஸ் கிடையாது. ஆனால் ஆர்டர் எடுப்பார், ஆள் பிடிப்பார், சரக்கு அனுப்புவார்.

"ரோஜாவையும் பாப்பாவையும் எதுக்குக் கூட்டிட்டுப் போறீக?"

"எல்லா இடத்துலயும் செக்கிங் மச்சான். லோடு வண்டின்னா நிப்பாட்டுறாக. பொண்டாட்டி புள்ளையோட போற கார எவன் நிப்பாட்டுவான்? கண்ணாடிய எறக்குனா வாடை வெளிய போயிரும். அதான் ஏசி ஓடியே ஆகணும்."

இதை அவன் ஒரு நல்ல யோசனையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். ஊர்க்காவலன் ஸ்டூல் மேல் கிடந்த பாகங்களைக் கிளறினார். ரெசிஸ்டரை எடுத்து நீட்டினார்.

"இந்தக் கம்பி அடுப்புக் கம்பி மாதிரி சிவக்கும். அதுமேலதான் நீங்க மருந்த ஊதி விட்டுட்டிருக்கீக."

"சரி, அப்ப நாலாம் நம்பர்லயே வச்சு ஓட்டிக்கிறேன். அதுல இந்தப் பக்கம் கரண்டே வராதுன்னு நீங்கதான சொன்னீக?"

தான் சொன்னது இப்படித் திரும்பி வருமென்று அவர் நினைக்கவில்லை. "மோட்டாருக்குள்ளயும் பொறி பறக்கும் மாப்ள. எந்த நம்பர்ல வச்சாலும் பறக்கும்."

"இம்புட்டு நாள் ஒண்ணும் ஆகலையே."

"புளோயர் எங்கிட்டயே இருக்கட்டும். ஏசி இல்லாம வண்டிய எடுத்துட்டுப் போங்க."

பிரபாகரனின் முகம் மாறியது. அதுவரை அவன் மச்சானிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினான். தன் குடும்பத்தைத் தனக்குப் பார்க்கத் தெரியும் என்றான். அண்ணாச்சியிடம் கைநீட்டி வாங்கியாகிவிட்டது, பாதியில் விட முடியாது என்றான். பிறகு தானே சீட்டுகளையும் பேட்டரி வயரையும் மாட்டி, டேஷ்போர்டைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் போனான். ஊர்க்காவலன் கழற்றிய பாகங்களையெல்லாம் தொட்டித் தண்ணீரில் போட்டுக் கழுவினார். தண்ணீரின் மேல் அந்த மினுக்கம் ஏடுபோல மிதந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாத்தூரில் இதே வேலை பார்க்கும் ராஜபாண்டியன் போன் செய்தார். "உங்க மாப்ள காருக்கு புளோயர் மாட்டிக் குடுத்தேன். உங்ககிட்ட ஸ்டாக் இல்லைன்னு சொன்னாப்ல. ரெசிஸ்டரும் புதுசு போட்டாச்சு. நல்லா ஓடுது, கவலப்படாதீக" என்றார்.

ஊர்க்காவலன் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். பிரபாகரன் இல்லை. ரோஜா முற்றத்தில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வந்ததை அவர் ஆரம்பிக்கும் முன்னாலேயே அவள் சொன்னாள்:

"எனக்குத் தெரியும்ணே. கால அதுமேலதான் வச்சிட்டு உக்காருதேன்."

"தெரிஞ்சுமா புள்ளைய மடியில வச்சிட்டுப் போற?"

"நான் மாட்டேன்னு சொல்லிப் பாத்தேன். அவுக தனியாப் போனாக. செக்கிங்ல நிப்பாட்டிட்டாக. அன்னைக்கு நல்ல நேரம், வண்டியில ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா?" அவள் சோளத்தைக் காலால் பரப்பிக்கொண்டே பேசினாள். "ஏசிய மட்டும் நல்லபடியா பண்ணிக் குடுத்துருங்கண்ணே. அந்த வாடை பாப்பாவுக்கு ஆகல. ராத்திரியெல்லாம் இருமுறா."

ஊர்க்காவலனுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கடைசியில், "பாப்பா எங்கூட வரட்டும். தாய்மாமன் வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்றார்.

ரோஜா மறுக்கவில்லை. இதைக் கேட்கத்தான் காத்திருந்தவள்போல உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையை பைக்கில் ஏற்றிய பிறகு அவர் தங்கையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீயும் வா."

"நானும் வந்துட்டா அவுகளுக்கு யாரு?"

"அப்ப ஒண்ணு கேட்டுக்க. வயர் கருகுற வாடை வந்துச்சுன்னா எங்கன இருந்து வருதுன்னு பாக்காத. எதையும் எடுக்காத. கதவத் தெறந்து ஓடு. அவரையும் ஓடச் சொல்லு."

மறுநாளே பிரபாகரன் மகளைக் கூப்பிட வந்தான். வாசலில் சின்னத்தாய் நின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல், அனுப்ப முடியாது என்றார். காய்ச்சலெல்லாம் இல்லை. பிரபாகரனுக்கும் அது தெரியும். உள்ளே மாரீஸ்வரி சிரிக்கும் சத்தம் அவன் காதிலும் விழுந்தது. "புள்ளைய வச்சிட்டு என்னைய மெரட்டுறீகளா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

புரட்டாசி கடைசியில் அது நடந்தது. ரோஜா பின்னால் சொன்னதிலிருந்துதான் எல்லாம் தெரிந்தது.

பிற்பகல் நேரம். வெம்பக்கோட்டை அணைக்குப் போகும் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு இரண்டு மூட்டை. ஒன்று அவள் காலடியில், ஒன்று பின்சீட்டுக்குக் கீழே. காற்று நாலாம் நம்பரில் இரைந்துகொண்டிருந்தது. ராஜபாண்டியன் மாட்டிக் கொடுத்ததிலிருந்து பிரபாகரன் அதை நாலைவிட்டு இறக்கியதே இல்லை. மச்சான் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது போன் வந்தது. மொக்கைச்சாமி. இரைச்சலில் எதிர்ப் பேச்சு கேட்கவில்லை. "அண்ணாச்சி, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, பிரபாகரன் எட்டி ஏசித் திருகை ஒன்றாம் நம்பருக்குத் திருப்பினான். கார் அமைதியானது. "சொல்லுங்க அண்ணாச்சி. வந்துட்டோம். பக்கத்துலதான்" என்று பேசினான். வேறொரு வீட்டுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுப்பது பற்றிப் பேச்சு நீண்டது. திருகை அவன் மறந்துவிட்டான்.

முதலில் ரோஜாவுக்குத்தான் வாடை தெரிந்தது. பிளாஸ்டிக் உருகுகிற மாதிரி. எதிரே இருந்த துவாரத்திலிருந்து நூல் போல ஒரு புகை.

"நிப்பாட்டுங்க! எறங்குங்க! ஓடுங்க!"

அவன் பிரேக்கை மிதித்தான். அவள் கதவைத் திறந்து, ஒரு செருப்பு கழன்று விழ, சீமைக்கருவேல முள்ளுக்குள் ஓடினாள். அவனும் இறங்கிவிட்டான். தன் பின்னால் அவன் ஓடிவரும் சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவன் காரைச் சுற்றி இடது பக்கம் போய்க்கொண்டிருந்தான். அண்ணாச்சியின் மூட்டையை எடுக்க.

அவள் கத்தினாள். அவன் இரண்டு கைகளையும் உள்ளே நீட்டிய நேரத்தில்தான் உள்ளேயிருந்து அந்த வெளிச்சம் வந்தது. சத்தம் அதற்குப் பிறகு. அணைக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தபோது அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தான். உயிர் இருந்தது.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முகம், நெஞ்சு, இரண்டு கைகள். பார்த்துவிட்டு வந்த ஊர்க்காவலன் இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார். அதற்குள் ஊரில் ஒரு பேச்சு பரவியிருந்தது. ஏசி வயரில் கோளாறாம், டீசல் டேங்க் வெடித்துவிட்டதாம், சொந்த மச்சானே பார்த்த வண்டியாம். டயர் கடைக்காரர்கூட முன்னைப் போலப் பேசவில்லை.

அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பது மொக்கைச்சாமி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது தெரிந்தது. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, அமைதியான மனிதர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தானே டீ சொன்னார்.

"போலீஸ்ல கூப்புடுவாக தம்பி. ஏசி நீங்க பாத்ததுதான், வயர்ல ஏதோ விட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன். பிரபாகரன் வைத்தியமும் நம்ம பொறுப்புதான்."

டீ வந்தது. அண்ணாச்சி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சி மக இப்ப உங்க கூடத்தான் இருக்காளாமே. நல்லது. எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கீக?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. டீயை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

போலீஸில் கூப்பிட்டார்கள். ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் ரோஜா உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம் பெஞ்சில் மொக்கைச்சாமி யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அதிகாரி கேட்டார்: "ஏசி நீதான பாத்த? என்ன தப்பு பண்ணுன?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோருக்கும் காரியம் முடிந்திருக்கும். ரோஜாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஊர்க்காவலனுக்கே அந்த வார்த்தை வாய் வரை வந்தது. ஆனால் அந்தக் கல்லில் எரிந்த வெளிச்சத்தைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். ஏசியில் தப்பு என்றால் மருந்து ஏற்றும் அடுத்த கார் ஏசியைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்பிவிடும்.

"ஏசியில தப்பு இல்லைங்கய்யா. வண்டியில மருந்து இருந்துச்சு. காத்து வழியெல்லாம் கெடந்துச்சு. நானே எரிச்சுப் பாத்தேன். தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது. புருசன் கூப்புட்டாருன்னு போயிருக்கா."

"யாரோட மருந்து?"

பெஞ்சிலிருந்த சிரிப்பு நின்றிருந்தது. ஊர்க்காவலன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மாரீஸ்வரி பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும் தெருமுனை அவர் கண்முன் வந்தது.

"தெரியாதுங்கய்யா" என்றார்.

பிரபாகரன் மேல் கேஸ் பதிவானது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு, ஜாமீனில் வெளியே வந்தான். யார் ஜாமீன் எடுத்தது என்று யாரும் ஊர்க்காவலனுக்குச் சொல்லவில்லை. ரோஜா ஒரு லைசென்ஸ் உள்ள ஆலையில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனாள். அண்ணன் வீட்டுப் பக்கம் வரவில்லை. "அரை உசுரா கெடக்குற மனுசனக் கேஸுலயும் இழுத்து விட்டுட்டாரே" என்று உறவுக்காரர்களிடம் சொன்னதாகக் காதில் விழுந்தது. ஆனால் மகளை அனுப்பச் சொல்லி அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள், பிரபாகரன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் வந்தது. கொண்டுவந்த ஆள், அண்ணாச்சி கொடுக்கச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். மேலே மாரீஸ்வரியின் பெயர் எழுதியிருந்தது. ஊர்க்காவலன் அதைப் பிரிக்காமலே தண்ணீர் டிரம்மில் அமுக்கி, மேலே ஒரு செங்கல்லை வைத்தார். அன்று முழுக்க அதிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது.

தை பிறந்து கொஞ்ச நாளில் ரோஜா போன் செய்தாள். அத்தனை மாதம் கழித்து முதல் தடவையாக.

"அண்ணே, அவுக கைய மடக்கப் பழகிட்டாக. ஸ்டீயரிங் புடிக்க வருதாம்."

"அப்படியா" என்றார்.

"நேத்து ஒரு கார் பாத்துட்டு வந்திருக்காக. பழசுதான்."

"யாரு வாங்கிக் குடுக்குறா?"

அந்தப் பக்கம் ஆலைச் சங்கு ஊதும் சத்தம் கேட்டது. பிறகு, "பாப்பா அங்கனயே இருக்கட்டும்ணே. முழுப்பரீட்சை லீவுக்கும் அனுப்ப வேணாம்" என்றாள்.

"நீயும் வந்துரு தாயி. இப்பவே வந்துரு."

"ஸ்டீயரிங் புடிக்க வருதே தவிர, சோறு பெசைய வரலண்ணே. நான்தான ஊட்டி விடுதேன். எப்படி வர?"

போன் வைக்கப்பட்டது. கழற்றிப் பாதியில் நின்ற ஒரு காரை அப்படியே விட்டுவிட்டு, ஊர்க்காவலன் ஷட்டரை இறக்கினார். பைக்கில் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கேட்டுக்கு எதிரே, புளியமரத்து நிழலில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த யாராவதாக இருக்கலாம். அவர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தக் காருக்கும் கேட்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.